கார்ன்வாலின் மேற்கைச் சுற்றிவர: முதன்முறை நெடுந்தூரம் மிதிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீண்டு மெலிந்துகொண்டே போகும் நிலம் கார்ன்வால். அதன் மேற்குப் பாதியைச் சுற்றிவர வெஸ்ட் கெர்னோ வே என்று ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. சைக்கிளிங் யூகே என்ற அமைப்பு 2021-இல் இதை அறிமுகப்படுத்தியது. பென்சான்ஸ் ஊரில் தொடங்கி அங்கேயே முடியும் இந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். கிராமத்துச் சந்துகள், குதிரைப் பாதைகள், பழைய மண் சாலைகள், கைவிடப்பட்ட சுரங்க வழித்தடங்கள் எல்லாம் இதில் கலந்து வரும்.

240 கிலோமீட்டர்தானே, மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். பழகியவர்கள் முடிக்கிறார்கள்தான். புதியவர்கள் ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் உயரமான மலை எதுவும் கிடையாது. மேற்கு முனையின் மிக உயர்ந்த குன்றான வாட்ச் க்ராஃப்ட் கூட 252 மீட்டர்தான். ஆனால் கடலை நோக்கி ஓடும் ஒவ்வொரு ஓடையும் நிலத்தை ஆழமாக அறுத்து வைத்திருக்கிறது. பாதை அவற்றைக் குறுக்கே கடக்கும்போதெல்லாம் செங்குத்தாக இறங்கி உடனே செங்குத்தாக ஏற வேண்டும். ஒரே பெரிய மலையை ஏறுவதைவிட இப்படி நாள் முழுக்க ஏறி இறங்குவதுதான் காலை உருக்குகிறது. எனவே திட்டம் போடும்போது கிலோமீட்டரை எண்ணாதீர்கள், ஓடைகளை எண்ணுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இங்கே சிரமமில்லாமல் மிதிக்கக் கிடைக்கும் துண்டுகள் பெரும்பாலும் சுரங்கக்காரர்கள் போட்டவை. கனிமம் ஏற்றிய வண்டியைக் குதிரை இழுக்க வேண்டுமென்றால் சரிவு மிதமாக இருந்தாக வேண்டும். அந்தத் தண்டவாளங்கள் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் சரிவு அப்படியே இருக்கிறது. வரைபடத்தில் பழைய டிராம் பாதை என்று எங்கே கண்டாலும் அங்கே உங்கள் கால்களுக்கு ஓய்வு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அதனால் மெதுவாகப் போகிறவர்களுக்கும் இருட்டிவிடும் பயம் இல்லை. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை பள்ளி விடுமுறை. இரண்டு கார்கள் எதிரெதிரே வர முடியாத சந்துகளில் நாடே வந்து நிற்கும், தங்கும் இடமும் கிடைக்காது. குளிர்காலத்தில் குதிரைப் பாதைகள் சேறாகிவிடும். போதாததற்குச் சாலையோர முள்வேலிகளை வெட்டுவதும் இலையுதிர், குளிர் காலங்களில்தான். வெட்டிய முள் பாதையில் கிடந்து டயரைப் பதம் பார்க்கும்.

எந்த மாதம் போனாலும் மழைச்சட்டை வேண்டும். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். முதல் நாள் அதை எதிர்த்துதான் போக வேண்டியிருக்கும். புதுக் கால்களோடு அதை முடித்துவிடுவது ஒருவகையில் நல்லதுதான்.

சைக்கிள், சாமான், வரைபடம்

ஒல்லி டயர் போட்ட ரோட் சைக்கிள் இதற்குச் சரிவராது. 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள, பிடிப்பான டயர் போட்ட கிராவல் சைக்கிளோ மவுன்டன் சைக்கிளோ வேண்டும். டயரைவிட முக்கியம் கியர். முன்பல்சக்கரத்தில் உள்ள பற்களைவிடப் பின்பல்சக்கரத்தின் மிகப் பெரிய வட்டில் பற்கள் அதிகமாக இருக்கட்டும். அப்படி இல்லையென்றால் கடைக்காரரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குச் செலவழிக்கும் பணம் வேறெந்த விலையுயர்ந்த சாமானைவிடவும் உங்களுக்கு உதவும். புறப்படும் முன் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். ஈரமும் மணலும் சேர்ந்தால் அவை வேகமாகத் தேயும், ஒரு ஜோடி உபரியாக எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சாமான் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டு செட் உடை, மழைச்சட்டை, ஒரு கனமான மேல்சட்டை, இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், காற்றடிக்கும் பம்ப், செயின் இணைப்பு, முன்பின் விளக்குகள், பவர் பேங்க். ஹேண்டிலில் ஒரு மணி கட்டாயம் மாட்டுங்கள். குதிரைக்காரர்களையும் நடப்பவர்களையும் அது திடுக்கிட வைக்காது. கூடாரம் எடுத்துப் போகலாம், ஆனால் இங்கே நினைத்த இடத்தில் கூடாரம் போடச் சட்டம் அனுமதிப்பதில்லை, நிலக்காரரிடம் கேட்டாக வேண்டும். முகாம் மைதானங்கள் நிறைய உண்டு. முதல் பயணத்துக்கு நான் சொல்வது விடுதி அல்லது காலை உணவு தரும் வீட்டு அறைதான். நனைந்த உடையை உலர்த்த ஓர் அறை கிடைத்தாலே பாதிப் பயணம் தப்பித்தது.

பாதையின் தடத்தை வரைபடத்தில் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பை சைக்கிளிங் யூகே இணையதளத்திலிருந்து இறக்கி, போனிலும் சைக்கிள் கணினியிலும் இணையம் இல்லாமலே திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைப்பது அபூர்வம். வழி நெடுக அடையாளப் பலகை இருக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். காகித வரைபடம் பிடிக்குமென்றால் பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 102, 103, 104 ஆகிய மூன்றும் பெரும்பகுதியைக் காட்டிவிடும். அவற்றில் ‘வீல்’ என்று தொடங்கும் பெயரைக் கண்டால் அது ஒரு பழைய சுரங்கம்.

அம்புக்குறிகளின் நிறத்தையும் பழகிக்கொள்ளுங்கள். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும், அதில் சைக்கிள் ஓட்டக் கூடாது. நீலம் குதிரைப் பாதை. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதில் சைக்கிளுக்கு உரிமை உண்டு, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். சிவப்பு எல்லா வண்டிகளுக்கும் திறந்த மண் சாலை. கடலோரமாகவே ஓடும் புகழ்பெற்ற தென்மேற்குக் கடற்கரைப் பாதை பெரும்பாலும் மஞ்சள் அம்புதான். ‘கடலுக்குப் பக்கத்திலேயே போகலாமே’ என்று ஆசைப்பட்டு அதில் இறங்காதீர்கள். தவறு என்பது ஒருபக்கம் இருக்க, படிக்கட்டுகளில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

பென்சான்ஸுக்குப் போவது

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து பென்சான்ஸுக்கு நேரடி ரயில். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும், பயணச்சீட்டு எடுக்கும்போதே செய்துவிடுங்கள். பகல் ரயில்களில் சைக்கிளைச் செங்குத்தாகத் தொங்கவிடும் ஒடுக்கமான அலமாரிதான். அகலமான ஹேண்டிலும் தடித்த டயரும் அதில் நுழைய அடம்பிடிக்கும். இதற்குப் பதில் நைட் ரிவியரா என்ற இரவு ரயில் இருக்கிறது. சனிக்கிழமை தவிர மற்ற இரவுகளில் ஓடும். காலையில் கடலைப் பார்த்தபடி இறங்கலாம். இதிலும் சைக்கிளுக்கு முன்பதிவு தேவை.

முதல் நாள்: பென்சான்ஸிலிருந்து செயின்ட் ஜஸ்ட்

இனி நான் சொல்லும் நாள் கணக்கு வெஸ்ட் கெர்னோ வே பாதையை ஒட்டிப் போவது. புதியவர்களுக்கு வசதியான, பார்க்க வேண்டிய சில இடங்களுக்காக ஆங்காங்கே விலகுகிறேன்.

பென்சான்ஸை விட்டதும் வருவது மீன்பிடித் துறைமுகமான நியூலின். 1915 முதல் 1921 வரை இங்கே அளந்த சராசரிக் கடல்மட்டத்தைத்தான் பிரிட்டன் பெருநிலத்தின் உயரங்களுக்கெல்லாம் பூஜ்யமாக வைத்திருக்கிறார்கள். இன்று மாலை நீங்கள் எத்தனை மீட்டர் ஏறினீர்கள் என்று வரைபடத்தில் கணக்குப் பார்த்தால், அது இந்தத் துறைமுகச் சுவரிலிருந்து தொடங்கும் கணக்கு.

அதன்பிறகு ஏற்ற இறக்கம்தான். முதல் நாளே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள நேரிடும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேரமிருந்தால் போர்த்கர்னோவுக்கு இறங்குங்கள். திரும்ப ஏறுவது கொடுமைதான், ஆனாலும் இறங்குங்கள். 1870-இல் பம்பாயிலிருந்து கடலடி வழியாக வந்த தந்திக் கம்பி கரையேறியது இந்தச் சின்ன மணல் திட்டில்தான். அதுவரை வாரக்கணக்கில் பயணித்த செய்தி அதன்பின் சில நிமிடங்களில் இந்தியாவுக்குப் போயிற்று. இப்போது அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது.

லேண்ட்ஸ் எண்ட் முனையில் கடைகளும் கேளிக்கைகளும் அதிகம், எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத இடம். பிரிட்டனை நெடுக்காகக் கடந்து ஸ்காட்லாந்தின் ஜான் ஓ க்ரோட்ஸ் வரை மிதிப்பவர்கள் சக்கரத்தை உருட்டத் தொடங்கும் இடம் என்பதற்காக ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். இரவு செயின்ட் ஜஸ்டில் தங்குங்கள்.

இரண்டாம் நாள்: கடலுக்கடியில் போன சுரங்கங்கள்

இன்று குறைவாக மிதித்து நிறையப் பாருங்கள். இந்தச் சுற்றில் ஒரு நாளுக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் தேர்வு செய்வேன்.

செயின்ட் ஜஸ்டிலிருந்து வடக்கே சில கிலோமீட்டருக்குள் பொட்டாலக், லெவன்ட், கீவர் என மூன்று சுரங்கங்கள் அடுத்தடுத்து. செம்பும் வெள்ளீயமும் எடுத்தார்கள். இவற்றின் குகைகள் நிலத்தடியோடு நிற்காமல் அட்லாண்டிக் கடலுக்கடியிலும் போயின. பொட்டாலக்கில் பாறைச் சரிவின் கீழ்விளிம்பில், அலை எட்டித் தொடும் தூரத்தில், இரண்டு கல் கட்டடங்கள் நிற்கின்றன. கார்ன்வால் முழுக்க நீங்கள் பார்க்கப்போகும் இன்ஜின் வீடுகளில் மிகவும் பேர்போனவை இவை.

இன்ஜின் வீடு என்பது நீராவி இயந்திரத்துக்குக் கட்டிய வெறும் கூரையல்ல, அதுவே இயந்திரத்தின் ஒரு பகுதி. பல டன் எடையுள்ள இரும்பு உத்தரம் ஒன்று, முன்பக்கச் சுவரின் மேல் தராசுக் கோலாய் ஆடும். ஒரு முனை உள்ளே நீராவியோடு, மறுமுனை வெளியே குழிக்கு மேல். ஆடும்போது கீழிருந்து தண்ணீரை இறைக்கும். அந்த ஆட்டத்தைத் தாங்க வேண்டுமென்பதால்தான் அந்தச் சுவர் அவ்வளவு தடிமன். சுரங்கம் மூடியபின் இரும்பையெல்லாம் கழற்றி விற்றுவிட்டார்கள், சுவர்களைத் தகர்க்க யாருக்கும் தெம்பில்லை. அதனால்தான் இன்றும் நிற்கின்றன. 2006-இல் யுனெஸ்கோ இந்தச் சுரங்க நிலப்பகுதிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

லெவன்ட்டில் சற்று நில்லுங்கள். ஆட்களை இறக்கி ஏற்ற அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. குழிக்குள் நெடுக ஒரு கம்பம் மேலும் கீழும் அசையும், அதில் படிகள். படியில் ஏறி, கம்பம் நகர்ந்ததும் பக்கச் சுவரிலுள்ள மேடைக்குத் தாவி, அடுத்த அசைவில் மறுபடி படிக்கு மாறி, இப்படியே மேலே வர வேண்டும். 1919 அக்டோபர் 20 அன்று, வேலை முடிந்து ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அதன் மேல்பகுதி முறிந்தது. 31 பேர் இறந்தார்கள்.

கீவர் 1990 வரை வேலை செய்தது. 1985-இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்ததிலிருந்து அது மீளவே இல்லை. இப்போது அருங்காட்சியகம், குகைக்குள் கூட்டிப்போவார்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பாதையை விட்டு விலகாதீர்கள். பழைய குழிகள் எல்லாவற்றுக்கும் வேலி இருக்கும் என்று சொல்ல முடியாது, புதர் மூடியிருக்கலாம். சுரங்க வாய் திறந்திருந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். புல் முளைக்காத செம்பழுப்புத் தரை தெரிந்தால் அங்கே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். வெள்ளீயத் தாதுவை வறுக்கும்போது ஆர்செனிக் வரும், அதைத் திரட்டி விற்பதும் அந்தக் காலத்தில் ஒரு தொழில். பொட்டாலக்கிலேயே அதற்கான வளைந்து வளைந்து போகும் புகைக்கூடத்தின் இடிபாடு இருக்கிறது. அந்த மண்ணில் நஞ்சு இன்னும் மிச்சமிருக்கிறது. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

பிற்பகலில் மேட்டுநிலத்தைக் குறுக்கே கடந்து, நடுவில் ஓட்டையிட்ட பழங்காலக் கல்லான மேன்-அன்-டோல் பக்கமாகக் கிழக்கே வாருங்கள். கல்லும் சேறுமான வழி. ஹெய்ல் அல்லது செயின்ட் எர்த்தில் இரவு. ரயில் நிலையம் இருப்பதால், உடம்பு ஒத்துழைக்கவில்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும் முடியும்.

மூன்றாம் நாள்: இலகுவான நாள்

காம்போர்னும் ரெட்ரூத்தும் பார்க்க அழகான ஊர்கள் அல்ல. ஆனால் ஒருகாலத்தில் உலகின் செம்பிலும் வெள்ளீயத்திலும் பெரும்பங்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து போனது. 1801 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பொறியாளர் ரிச்சர்ட் ட்ரெவிதிக் தன் நீராவி வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேடேறியதும் காம்போர்னில்தான். இங்கே தொழில் நொடிந்தபோது சுரங்கக்காரர்கள் உலகெங்கும் போனார்கள். கோலார் தங்க வயலை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் கார்ன்வால்காரர்கள் மேற்பார்வையாளர்களாக வந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் போன நம் ஆட்கள் அவர்களுக்குக் கீழே குழியில் இறங்கினார்கள். கோலாரில் உறவுக்காரர் இருந்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் வேறுவிதமாகக் கேட்கும்.

கார்ன் ப்ரே குன்றைச் சுற்றி ஓடுகிறது கிரேட் ஃப்ளாட் லோட் பாதை, சுமார் 12 கிலோமீட்டர். மற்ற இடங்களில் கனிமப் படுகை செங்குத்தாக இறங்க, இங்கே சுமார் 30 பாகைதான் சாய்ந்திருந்தது, அதனால்தான் ‘தட்டையான பெரும் படுகை’ என்ற பொருளில் இந்தப் பெயர். வழியெங்கும் இன்ஜின் வீடுகள். குதிரை வண்டித் தடம் என்பதால் நன்றாக உருளும்.

அங்கிருந்து கிழக்கே பிசோ பள்ளத்தாக்குக்கு வாருங்கள். வடகடற்கரையின் போர்ட்ரீத்தையும் தென்கரையின் டெவோரனையும் இணைக்கும் 18 கிலோமீட்டர் பாதையில் இங்கே சேர்ந்துகொள்ளலாம். கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. செம்பை உருக்கக் கனிமத்தைவிடக் கூடுதலாக நிலக்கரி வேண்டும் என்பதால், கனிமத்தைக் கப்பலில் வேல்ஸுக்கு அனுப்பி, திரும்பி வரும் கப்பலில் இயந்திரங்களுக்கான நிலக்கரியைக் கொண்டுவந்தார்கள். துறைமுகத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஓடிய அந்தத் தடம்தான் உங்கள் சக்கரத்தின் கீழே இருப்பது. டெவோரன் நோக்கி லேசான இறக்கம், மிதிக்கவே தேவையில்லாத இடங்களும் உண்டு. கார்னன் ஓடையின் கற்கள் காவி நிறத்தில் இருக்கும். 1991-இல் மூடப்பட்ட வீல் ஜேன் சுரங்கத்தில் தேங்கிய உலோகத் தண்ணீர் 1992 ஜனவரியில் உடைத்துக்கொண்டு வெளியேறி, கழிமுகம் வரை ஆரஞ்சாக்கியது. அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் வேலை அதன்பின் தொடர்ந்து நடக்கிறது. நாக்கு வறண்டாலும் இந்த ஓடையில் பாட்டிலை நிரப்ப வேண்டாம்.

நான்காம் நாள்: கடினமான நாள்

டெவோரனிலிருந்து லிசார்ட் முனை. சுரங்கத் தடங்களின் தயவு முடிந்துவிட்டது. ஹெல்ஃபர்ட் ஆற்றின் கிளைகள் நிலத்தைக் கிழித்துப்போட்டிருக்கும் பகுதி இது, பச்சைச் சுரங்கம்போன்ற சந்துகளில் இறங்கி ஏறிக்கொண்டே இருப்பீர்கள். வேலிகள் தலைக்கு மேல், வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியாது. இறக்கத்தில் டிராக்டர் எதிரே வரும் என்று நினைத்தே பிரேக்கில் விரலை வையுங்கள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். க்வீக் ஊரில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டால் அதற்குமேல் லிசார்ட் தீபகற்பம் பெரும்பாலும் சமவெளி. கூன்ஹில்லியின் பிரம்மாண்ட அலைவாங்கிகள் தூரத்திலேயே தெரியும். 1962-இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டிய தொலைக்காட்சிப் படத்தை வாங்கிய நிலையம் அது. பிரிட்டன் பெருநிலத்தின் தென்கோடியான லிசார்டில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலேயே இளைஞர் விடுதி இருக்கிறது, வெகு முன்னதாகப் பதிவு செய்யுங்கள்.

ஐந்தாம் நாள்: திரும்புதல்

ஹெல்ஸ்டன், போர்த்லெவன் வழியாக மேற்கே. நேரமிருந்தால் போல்டூவில் நில்லுங்கள், 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனியின் கம்பியில்லாச் செய்தி கடல் கடந்து, இன்று கனடாவைச் சேர்ந்த நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்குப் போனது அங்கிருந்துதான். மரசயனில் செயின்ட் மைக்கேல்ஸ் மவுன்ட் தீவுக்குக் கல்பாவிய வழி உண்டு. கடல் வற்றும் நேரத்தில் மட்டும் நடக்கலாம், அட்டவணையை முந்தின இரவே பாருங்கள். அங்கிருந்து பென்சான்ஸ் வரை கடலோரச் சமதளம், வேண்டுமென்றே மெதுவாக மிதியுங்கள்.

சாப்பாடு

கார்னிஷ் பாஸ்ட்டிதான் இந்த ஊரின் கட்டுச்சாதம். நம் சோமாசியைப் பல மடங்கு பெரிதாக்கி, உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு (swede) என்னும் டர்னிப் வகைக் கிழங்கு வைத்து அடுப்பில் சுட்டதுபோல இருக்கும். அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் கார்ன்வாலில் செய்திருக்க வேண்டும் என்று 2011 முதல் சட்டப் பாதுகாப்பும் உண்டு. சைவர்களுக்குப் பாலாடைக்கட்டி வெங்காயப் பாஸ்ட்டி எங்கும் கிடைக்கும், ஆனால் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ஞாயிறு மாலையில் கிராமக் கடைகள் சீக்கிரம் மூடிவிடும். பையில் எப்போதும் ஒருவேளைக்கான உணவு, கடலை மிட்டாய், ஊறுகாய்ப் பொட்டலம் இருக்கட்டும். உப்புக் கேட்கும் உடம்புக்கு அந்த ஊறுகாய் என்ன செய்யும் என்பதைப் போய்ப் பார்த்தால் தெரியும்.

அவசரத்துக்கு 999. பாறை விளிம்பிலோ கடலிலோ யாராவது சிக்கினால் கடலோரக் காவலைக் கேளுங்கள். பெரணிப் புதருக்குள் போய் வந்தால் மாலையில் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா பாருங்கள், இங்கே லைம் நோய் அதன் வழியாக வரும். வாயிற்கதவுகளை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள். மாடுகள் வழியில் நின்றால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போங்கள்.

ஐந்து நாள் கிடைக்காது, அல்லது முழுச் சுற்றுக்கு இன்னும் துணிவு வரவில்லை என்றால் மூன்றாம் நாளின் போர்ட்ரீத்–டெவோரன் பாதையை மட்டும் போய்வாருங்கள். பிசோவில் வாடகைச் சைக்கிள் கிடைக்கும், ரெட்ரூத் ரயில் நிலையம் அருகில்தான். போய்த் திரும்ப 36 கிலோமீட்டர், குழந்தைகளையும் கூட்டிப்போகலாம்.